தலையைத் தொடு என்றால் காலைத் தொடணும்: ஹெச்.டி.கே.எஸ். சோதனை எப்படி?

பாதியில் கிளம்பிவிடுகிறவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு, ஐந்து வயதுக் குழந்தைகளின் சுயக்கட்டுப்பாட்டை அளக்க ஒரே ஒரு சோதனையைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் ஹெச்.டி.கே.எஸ்.ஸைத்தான் வைத்துக்கொள்வேன். ஆனால் அதில் கடைசியாக வருகிற கூட்டு மதிப்பெண்ணை மட்டும் எந்த அப்பா அம்மாவிடமும் காட்ட மாட்டேன். மழலையர் வகுப்புகளில் இந்த மாதிரி சோதனைகளை நடத்துவது என் வேலையில் ஒரு பகுதி. இதற்குப் போட்டியாக இருக்கிற வேறு சிலவற்றையும் கையாண்டிருக்கிறேன் என்பதால் அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

பெயர் ஒன்றும் பெரிய விஷயமில்லை, தலை, கால்விரல், முழங்கால், தோள் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களில் முதலெழுத்துகள், அவ்வளவுதான். அமெரிக்காவில் மேகன் மெக்லெலண்டும் (ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகம்) கிளேர் கேமரனும் சக ஆய்வாளர்களும் உருவாக்கியது. குழந்தை நமக்கு எதிரே கொஞ்சம் தள்ளி நிற்கும். முதலில் தலையைத் தொடு, கால்விரலைத் தொடு என்று சொன்னபடி செய்யவைப்போம். அப்புறம் விதியை மாற்றுவோம்: நான் தலையைத் தொடு என்றால் நீ கால்விரலைத் தொடணும், கால்விரல் என்றால் தலை. கொஞ்சம் பயிற்சி கொடுத்துவிட்டு 10 கட்டளைகள். அதில் 4 மதிப்பெண்ணாவது வந்தால் இரண்டாம் பகுதி, அங்கே முழங்காலும் தோளும் சேர்ந்துகொள்ளும், மறுபடி 10. மூன்றாம் பகுதியில்தான் வேடிக்கை. இத்தனை நேரம் பழகிய ஜோடிகளை உடைத்து, தலைக்கு முழங்கால், தோளுக்குக் கால்விரல் என்று புது விதி போடுவார்கள். ஆக மொத்தம் 30 கட்டளைகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2, அதிகபட்சம் 60. ஐந்திலிருந்து ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். பொம்மை வேண்டாம், கணினி வேண்டாம், மதிப்பெண் தாளும் பென்சிலும் போதும். மூன்றாம் பகுதியைப் பெரியவர்கள் செய்து பாருங்கள், சிரிப்பு வரும். வேகமாகச் சொன்னால் நமக்கே கை தடுமாறும்.

இந்தச் சோதனையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த 1. சரியாகச் செய்தால் 2, தவறாகச் செய்தால் 0, அது எல்லாச் சோதனையிலும் உண்டு. இதில் தவறான பக்கம் உடம்பு நகர ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, சரியான இடத்துக்குப் போனால் 1. சொன்னால் சின்ன விஷயமாகத் தெரியும், நேரில் பார்த்தால் அப்படி இல்லை. நாலரை வயது இருக்கும் ஒரு குழந்தை, தலையைத் தொடு என்றதும் வலது கை விருட்டென்று மேலே போனது, காது உயரத்தில் அப்படியே நின்றது, கண் ஒரு பக்கம் ஒதுங்கியது, உதடு லேசாக அசைந்தது (விதியைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறது), அப்புறம் உடம்பு முழுவதையும் மடக்கிக் குனிந்து கால்விரலைத் தொட்டது. எழுந்து நிற்கும்போது முகத்தில் ஒரு சிரிப்பு. எத்தனை ஆய்வுக் கட்டுரை படித்தாலும் சுயக்கட்டுப்பாடு என்றால் என்ன என்று இவ்வளவு தெளிவாகப் புரியாது. முந்திக்கொண்டு வந்த பழக்கம், அதைப் பிடித்து நிறுத்தும் பிரேக், நினைவிலிருந்து விதியை எடுத்துவருவது, எல்லாம் ஓரிரு நொடிக்குள் கண்ணெதிரே நடக்கிறது. திரையில் விரல் தட்டும் சோதனைகளில் இது தெரியவே தெரியாது, அங்கே தட்டினாயா இல்லையா என்பது மட்டும்தான்.

என் பெரிய குறையும் இங்கேதான். கடைசியில் கூட்டும்போது அந்த 1 கரைந்துபோகிறது. இரண்டு குழந்தைகள் 20 வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் முதல் பகுதியில் பத்துக்குப் பத்தும் சட்டென்று சரியாகச் செய்து, முழங்காலும் தோளும் வந்ததும் மொத்தமாகக் குழம்பிப்போனவர். இன்னொருவர் மூன்று பகுதியிலும் இடறி இடறி, இருபது தடவை தன்னைத் தானே திருத்திக்கொண்டு ஒன்று ஒன்றாகச் சேர்த்தவர். தாளில் இருவரும் ஒன்று. வகுப்பறையில் இந்த இருவருக்கும் வேண்டிய உதவி ஒன்றாக இருக்கவே முடியாது. முதல் குழந்தைக்கு ஒரே நேரத்தில் நினைவில் வைக்கவேண்டிய விஷயங்களைக் குறைத்துக் கொடுக்கணும், இரண்டாவது குழந்தைக்குப் பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் நேரம் கொடுத்தாலே போதும். அதனால் நான் மொத்தத்தை ஓரமாக எழுதிவிட்டு, எத்தனை 0, எத்தனை 1, எத்தனை 2, எந்தப் பகுதியில் என்று தனியாகக் குறித்து வைப்பேன். தாளிலேயே அதற்கு ஒரு கட்டம் போட்டிருக்கலாம்.

பூஜ்யத்திலும் இதே சிக்கல். ஒன்றுமே செய்யாமல் சட்டையின் நுனியைக் கசக்கிக்கொண்டு நிற்கிற குழந்தைக்கும் 0. சொன்னதைச் சொன்னபடி, தலை என்றால் தலை, கால் என்றால் கால் என்று அச்சுப் பிசகாமல் செய்கிற குழந்தைக்கும் 0. யோசித்துப் பாருங்கள், சொன்ன பேச்சு கேட்கிற குழந்தை என்று பெயர் வாங்கியவர் இதில் பூஜ்யம் வாங்கலாம். வகுப்பில் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிற, ஆசிரியர் தலையில் கைவைத்துக்கொள்கிற ஒரு வாண்டு சும்மா 50ஐத் தாண்டிப் போகலாம், அதையும் பார்த்திருக்கிறேன். கீழ்ப்படிவதும் சுயக்கட்டுப்பாடும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிற பெரியவர்களுக்கு இந்த ஐந்து நிமிடம் நல்ல பாடம். கீழ்ப்படிகிற குழந்தையை வெளியிலிருந்து யாரோ நடத்துகிறார்கள், இங்கே கேட்பது உள்ளே இருந்து வருகிற பிரேக்கை.

வயது விஷயத்தில் எச்சரிக்கை தேவை. மூன்று வயதிலும், நாலு தொடங்கிய புதிதிலும் நிறையக் குழந்தைகள் தரையோடு தரையாக, பூஜ்யத்திலோ அதற்குச் சற்று மேலேயோ நின்றுவிடுகிறார்கள். அந்த வயதில் இந்தச் சோதனைக்கு ஒருவரிலிருந்து ஒருவரைப் பிரித்துக்காட்டும் சக்தி இல்லை. இதை உருவாக்கியவர்களே உணர்ந்து, திருத்திய பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் உடம்பை அசைக்காமல் வாயால் மட்டும் மாற்றிச் சொல்லும் ஒரு பகுதி முன்னால் வருகிறது, சின்னக் குழந்தைகளுக்கு அது ஒரு படிக்கட்டு. உங்கள் வகுப்பில் மூன்று வயதுக்காரர்கள் இருந்தால் பழைய பதிப்பைத் தொடவே வேண்டாம். மறு கோடியில் ஏழு, எட்டு வயதில் பலர் உச்சவரம்பை முட்டிவிடுவார்கள், அங்கேயும் பயன் குறைவு. சரியாகப் பொருந்துகிற இடம் நாலரை முதல் ஆறு வரை என்பது என் கணிப்பு.

அப்புறம், இது எதை அளக்கிறது என்பதில் கொஞ்சம் கலப்படம் உண்டு. காதால் கேட்கணும், கவனிக்கணும், விதியை நினைவில் வைக்கணும், பழக்கத்தை அடக்கணும், உடம்பை அசைக்கணும், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் கூச்சப்படாமல் நிற்கணும். எல்லாம் ஒரே மதிப்பெண்ணுக்குள். எங்கே விழுந்தது என்று தாள் சொல்லாது. ஆய்வாளர்கள் இதைக் குறை என்கிறார்கள், எனக்குப் பாதிதான் உடன்பாடு. வகுப்பறையில் நினைவு தனியாக, அடக்கம் தனியாக, கவனம் தனியாக யாரும் பயன்படுத்துவதில்லையே. புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு வரிசையில் வந்து நில் என்றால் எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்யணும். மழலையர் வகுப்பில் இந்தச் சோதனை மதிப்பெண் பிற்பாடு கணக்கிலும் வாசிப்பிலும் வரும் முன்னேற்றத்தோடு ஓரளவு ஒத்துப்போவதாகத் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டிருப்பதற்கு, அதுவும் கணக்கில் கூடுதலாக, இந்தக் கலப்படமே ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, மற்றவை எப்படி?

டேப்லெட் வகையில் நான் மதிப்பது ஆஸ்திரேலியாவின் வொலோங்காங் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஹோவர்டும் எட்வர்ட் மெல்ஹுயிஷும் உருவாக்கி 2017இல் கட்டுரையாக வெளியிட்ட எர்லி இயர்ஸ் டூல்பாக்ஸ். சின்னச் சின்ன விளையாட்டுகள். மீன் வந்தால் தட்டு, சுறா வந்தால் தட்டாதே, இதுதான் அடக்கத்துக்கான விளையாட்டு. பெரும்பாலும் மீன்தான் வரும், விரல் தட்டித் தட்டிப் பழகியிருக்கும்போது திடீரென்று சுறா. மதிப்பெண் போடுவதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது: மீனைப் பிடித்த விகிதத்தையும் சுறாவை விட்ட விகிதத்தையும் பெருக்குகிறார்கள். இல்லாவிட்டால் திரையையே தொடாமல் உட்கார்ந்திருக்கிற குழந்தை ஒரு சுறாவையும் தட்டாத மகா கட்டுப்பாட்டுக்காரர் ஆகிவிடும். நடத்துகிறவரின் குரல், முகம், மனநிலை எதுவும் கலக்காது, மதிப்பெண்ணையும் இயந்திரமே போட்டுவிடும், பெரிய எண்ணிக்கையில் அளக்க இதுதான் வசதி. ஆனால் வீட்டில் நாள் முழுக்கத் திரையோடு இருக்கிற குழந்தைக்கும் டேப்லெட்டை முதன்முதலாகத் தொடுகிற குழந்தைக்கும் இடையே ஒரு வித்தியாசம் புகுந்துவிடுகிறது. அதோடு, காது உயரத்தில் நின்ற அந்தக் கையை இங்கே பார்க்கவே முடியாது.

அட்டை பிரிக்கும் சோதனை, பிலிப் ஸெலாஸோவுடையது, மூன்று வயதுக்கு நல்லது. நீல முயல், சிவப்புப் படகு மாதிரி அட்டைகளை முதலில் நிறத்தால் பிரிக்கணும், பிறகு உருவத்தால். பல மூன்று வயதுக் குழந்தைகள் புது விதியை வாயால் சரியாகச் சொல்லிக்கொண்டே பழைய விதிப்படி அட்டையைப் போடுவார்கள். பார்க்க அதிசயமாக இருக்கும். ஐந்து வயதுக்கு இது சுலபமாகிவிடுகிறது, அதற்கென்று கடினமான பதிப்பு தனியாக உண்டு. சூரியன் படத்தைக் காட்டினால் இரவு என்று சொல், நிலாவைக் காட்டினால் பகல் என்று சொல் என்கிற 1994இல் வந்த சோதனையும் நல்லதுதான், குறுகியது, கூச்சமுள்ள குழந்தைகளிடம் கொஞ்சம் வாய் திறக்க வைக்கணும்.

கேள்வித்தாள்கள் பற்றிக் கேட்பீர்கள். பிரீஃப்-பி என்பது இரண்டு வயதிலிருந்து ஆறு நிறையும் முன்வரை உள்ளவர்களுக்கு, 63 கேள்விகள், பெற்றோரோ ஆசிரியரோ நிரப்புவது. நிரப்புவது எளிது, வகுப்பைக் கலைக்க வேண்டாம், ஐந்து நிமிடத்தில் தெரியாத பல மாதப் பழக்கம் அதில் வரும். ஆனால் நாம் அளப்பது குழந்தையை மட்டுமல்ல, நிரப்புகிறவரின் பொறுமையையும்தான். மாலையில் களைத்துப்போய் வந்து நிரப்புகிற அப்பாவின் தாளும், முப்பது குழந்தைகளுக்கு நடுவில் இந்த ஒருவரைப் பார்க்கிற ஆசிரியரின் தாளும் இரண்டு வேறு குழந்தைகளைப் பற்றியவை போல இருக்கும். டோப்லாக், வெஸ்ட், ஸ்டானோவிச் மூவரும் 2013இல் குழந்தைகள், பெரியவர்கள் இரு தரப்பு ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்தார்கள். நேரடிச் சோதனை மதிப்பெண்ணுக்கும் கேள்வித்தாள் மதிப்பெண்ணுக்கும் இருந்த ஒட்டுறவின் நடுமதிப்பு வெறும் 0.19 (தொடர்பே இல்லை என்றால் 0, முழுக்க ஒத்துப்போனால் 1). அதாவது கிட்டத்தட்ட வெவ்வேறு விஷயங்கள். எனவே சோதனையில் நன்றாக வந்திருக்கிறதே, கேள்வித்தாளில் ஏன் இப்படி என்று குழம்ப வேண்டாம். அது தவறில்லை, வழக்கம்.

மார்ஷ்மெல்லோ மிட்டாய் சோதனையைப் பற்றிச் சொல்லாமல் போனால் யாராவது கேட்பார்கள். இப்போது ஒன்று, காத்திருந்தால் இரண்டு. வால்டர் மிஷல் ஸ்டான்ஃபோர்டின் பிங் மழலையர் பள்ளியில் 1960களின் கடைசியில் தொடங்கிய சோதனை. வீட்டில் வீடியோ எடுத்துப் போட நன்றாக இருக்கிறது, அளவுகோலாக எனக்கு நம்பிக்கை இல்லை. 2018இல் வாட்ஸ், டங்கன், குவான் மூவரும் 900க்கும் அதிகமான குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது, காத்திருந்த நேரத்துக்கும் பிற்காலப் படிப்புக்கும் இருப்பதாகப் பழைய ஆய்வுகள் சொன்ன தொடர்பு பாதியாகக் குறைந்தது, குடும்பப் பின்னணியையும் மற்றவற்றையும் கணக்கில் எடுத்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதைவிட எனக்கு மறக்காதது 2013இல் செலஸ்ட் கிட் குழுவினர் செய்தது. 28 குழந்தைகள்தான். பாதிப் பேருக்கு, சோதனைக்கு முன்பு, நல்ல படம் வரையும் பொருள்கள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு நிஜமாகவே கொண்டுவந்தார்கள். மீதிப் பேருக்குச் சொல்லிவிட்டு, இல்லையே என்று கைவிரித்தார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்டவர்கள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். அந்த 3 நிமிடக் குழந்தைக்குக் கட்டுப்பாடு இல்லை என்று எப்படிச் சொல்வது? எதிரே இருக்கிற ஆளைச் சரியாக எடைபோட்டிருக்கிறது. காத்திருந்தால் வரும் என்கிற நம்பிக்கையை அளந்துவிட்டு அதற்குச் சுயக்கட்டுப்பாடு என்று பெயர் வைப்பது நியாயமில்லை. ஹெச்.டி.கே.எஸ்.ஸில் பரிசு கிடையாது, ஆசை காட்டுவது கிடையாது, அதனால் இந்த வம்பும் கிடையாது. ஆனால் அதே காரணத்தால் ஆசையையும் கோபத்தையும் அடக்குவது பற்றி அது வாயே திறக்காது. பொம்மையைப் பிடுங்கினால் இந்தக் குழந்தை கடிக்குமா, மூச்சை இழுத்துவிட்டு ஆசிரியரைக் கூப்பிடுமா என்று தெரிந்துகொள்ள விரும்பினால் இது உதவாது. அதற்குப் பொம்மையை முன்னால் வைத்துக் காக்கவைக்கும் பணிகளையும் பென்சில் தட்டும் பணியையும் ஒன்றாகச் சேர்த்த பி.எஸ்.ஆர்.ஏ. என்கிற தொகுப்பு இருக்கிறது, 2007இல் வெளியானது. சோதனை நடத்தியவர் குழந்தை நடந்துகொண்ட விதத்தைத் தனியாக மதிப்பிடும் பகுதியும் அதிலேயே உண்டு, எனக்கு அந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும். ஆனால் பொருள்கள் நிறைய, நேரமும் அதிகம்.

ஹெச்.டி.கே.எஸ்.ஸின் மொத்த மதிப்பெண்ணை ஏன் காட்டமாட்டேன் என்பதற்கு வருகிறேன். ஒரு குழுவின் சராசரிக்கு இது நம்பகமான சோதனை. வருடத் தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை நடத்தி வகுப்பு எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கலாம். தனி ஒரு குழந்தைக்கு வந்தால் கதை வேறு. தூக்கம் குறைந்த காலை, சளி, பக்கத்து அறையில் பாட்டு, விதியை ஏற்கெனவே நண்பரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது, எல்லாமே அந்த எண்ணை அசைக்கும். நாலு வயதில் சில மாத வித்தியாசம் கூடப் பெரிசு. இதை எல்லாம் விளக்கினாலும் பெற்றோர் காதில் விழுவது 18 என்கிற எண் மட்டும்தான், உடனே பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். நியூசிலாந்தின் டுனிடின் நகரில் பிறந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வை மேற்கோள் காட்டி, சின்ன வயதுச் சுயக்கட்டுப்பாடு 32 வயதின் உடல்நலத்தையும் பணநிலையையும் முன்னறிவிக்கிறது என்று பயமுறுத்துகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அங்கே ஐந்து நிமிடச் சோதனை ஒன்றை வைத்து முடிவு கட்டவில்லை. 3 வயது முதல் 11 வயது வரை பல தடவை, பார்வையாளர், பெற்றோர், ஆசிரியர், குழந்தை என்று பலரிடம் வாங்கிய மதிப்பீடுகளைச் சேர்த்து ஒரு அளவு செய்தார்கள். நம் கையில் இருப்பது அதில் ஒரு துளி.

வேறு நாடுகளில் ஹெச்.டி.கே.எஸ். எப்படிப் போகிறது என்று பார்த்தால், அமெரிக்கா, தைவான், தென் கொரியா, சீனா நான்கிலும் பயன்படுத்தி 2011இல் எழுதினார்கள், உபயோகிக்கத் தக்கதாகவே வந்தது. பிறகு அதே நான்கு இடங்களில் ஆண், பெண் வித்தியாசத்தைப் பார்த்தபோது அமெரிக்காவில் மட்டும் பெண் குழந்தைகள் முந்தியிருந்தார்கள், மற்ற மூன்றிலும் நேரடிச் சோதனையில் வித்தியாசம் தெரியவில்லை. பெண் குழந்தைகள் இயல்பாகவே அடக்கமானவர்கள் என்று அடித்துச் சொல்கிறவர்களிடம் இதைக் காட்டலாம்.

நடத்தப்போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். பயிற்சி இல்லாமல் இறங்காதீர்கள், 0க்கும் 1க்கும் உள்ள கோடு மெல்லியது. கை லேசாகத் துடித்தது கணக்கா, தோள் மட்டும் சாய்ந்தது கணக்கா என்று இரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்து தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தனியாக நடத்தணும். எழுதிக்கொடுத்த வாக்கியங்களை அப்படியே சொல்லுங்கள், உங்கள் சொந்த விளக்கத்தைச் சேர்த்தால் அடுத்த வகுப்போடு ஒப்பிட முடியாது. சோதனை நடக்கும்போது சபாஷ் வேண்டாம், முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம், குழந்தைகள் நம் புருவத்தைத்தான் படிக்கிறார்கள். நீங்கள் சொல்லும்போது உங்கள் கண் தரையை நோக்கிப் போனாலே பாதி விடை போய்விடும், நான் குழந்தையின் மூக்கைப் பார்த்துக்கொண்டு சொல்வேன். ஷூ கயிறு அவிழ்ந்திருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள், கால்விரலைத் தொடக் குனிகிற குழந்தை கயிற்றைக் கண்டதும் அதைக் கட்ட உட்கார்ந்துவிடும், மீதி சோதனை அதோடு சரி. ஓடிவிளையாடிவிட்டு வந்த உடனேயும், பசி நேரத்திலும் வேண்டாம். முடித்தவர் நேராக வகுப்புக்குப் போய் எல்லோருக்கும் செய்து காட்டுவார், அது நிச்சயம் நடக்கும். அதனால் முடித்தவர்களுக்கு வேறு இடத்தில் வேறு வேலை தயாராக இருக்கட்டும், முடிந்தால் ஒரு வகுப்பை ஒரே காலையில் முடித்துவிடுங்கள்.